அண்ணாந்து குடிப்பவர்களுக்கு ஒயின்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

மேனேஜர் என்னை வீட்டுக்கே வந்து பார்த்து, உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், பசங்களுக்கு உதவும் என்றார். ஓய்வு பெற்றவளுக்கு இதைவிட என்ன வேலை என்று அவர் நினைத்திருக்கலாம். எழுதுகிறேன். ஆனால் பாட்டிலை எப்படித் திறப்பது, எந்தப் பக்கம் நின்று ஊற்றுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை வகுப்பில் சொல்லித் தருவார்கள். சொல்லித் தராவிட்டாலும் நாலு பாட்டிலை உடைத்தால் தானாக வந்துவிடும்.

ஒகேனக்கல் சாலையில் இருக்கிற ஓட்டலில் ஒயினுக்கென்று ஓர் ஆளா, அதுவும் ஒரு பொம்பளையா என்று சிரித்தவர்கள் நிறையப் பேர். அருவியில் குளித்துவிட்டு, பரிசலில் போய்விட்டு, பசியோடு மீன் வறுவல் தின்ன வருகிறவனுக்கு ஒயின் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் சாப்பாட்டோடு அதைக் கேட்டார்கள். பாருக்கு அனுமதி வாங்கிய முதலாளி, சரி, ஒயினும் வைப்போம் என்றார்.

வைத்துவிட்டால் போதுமா? விற்கிறவருக்கு அதைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமே. பாரில் இருந்த பையன்களை அனுப்பலாம் என்றால், அது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகிவிடும். ருசி பார்க்கச் சொன்னால் பாட்டிலின் அடியைப் பார்க்கிற பையன்கள். குடிக்காத ஆளாகத் தேடிக்கொண்டு வந்து, ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த என்னிடம் நின்றார்கள். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். குடிக்க மாட்டேன் என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி.

கற்றுக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட மிகவும் சின்னவள். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் இருந்தாள். இவள் அவளுக்கு அக்கா வயதுதான் இருப்பாள். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். முதல் நாள் நீளமான காம்பு வைத்த கிளாஸில் கொஞ்சம் சிவப்பு ஒயினை ஊற்றி என் கையில் கொடுத்து, ருசி பாருங்கள் என்றாள். நான் தலையை அண்ணாந்து, கிளாஸை உதட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்து, நேராகத் தொண்டைக்குள் ஊற்றினேன். பாதி மூக்கில் ஏறியது, மீதி ரவிக்கையில் வழிந்தது.

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் நல்லம்பள்ளிப் பக்கத்துக் குடியானவன் வீட்டில் பிறந்தவளுக்கு வேறு எப்படிக் குடிக்கத் தெரியும்? சொம்பில் வாய் வைத்தால் எங்கள் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அடுத்தவர் குடித்த கிளாஸில் வாய் வைப்பது எச்சில். ஓட்டல் கிளாஸில் எத்தனை பேர் வாய் வைத்தார்களோ யாருக்குத் தெரியும்? அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்க மூக்குக்கு ஒண்ணும் குடுக்கலே. சொல்ப நிதானமா. மொதல்லே மூக்கு குடிக்கணும், ஆமேலே வாய்."

சொல்ப என்றால் கொஞ்சம், ஆமேலே என்றால் அப்புறம். எனக்குத் தெரிந்த ஒயின் பாடம் மொத்தமும் இந்த ஒரு பேச்சில் இருக்கிறது. கிளாஸை ஏன் மேலே குறுக்கி, கீழே அகலமாகச் செய்கிறார்கள்? வாசனை உள்ளே தங்குவதற்கு. வாய் வைத்துக் குடித்தால்தான் மூக்கு கிளாஸுக்குள் போகும். அண்ணாந்து ஊற்றுகிறவனுக்கு ஒயினும் ஒன்றுதான், வெந்நீரும் ஒன்றுதான். நம் ஊர்க்காரர்கள் மேஜைக்கு வந்தால் பத்தில் பாதிப்பேர் அப்படித்தான் தூக்குவார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். "வாய் வெச்சுக் குடிங்க, கிளாஸ் சுத்தமா கழுவினதுதான்" என்று பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில் சொல்லுங்கள். நான் ஓய்வு பெறும்வரை அதிகம் சொன்ன வாசகம் அதுதான்.

வாய் வைப்பதைப் பழகிக்கொண்டேன். அடுத்தது துப்புவது. ஒயினை வாயில் எடுத்து, நாக்கு முழுவதும் புரட்டி, ஈறில் என்ன பிடிக்கிறது, கன்னத்தில் எச்சில் ஊறுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். நாலு பேர் பார்க்க, சேலை கட்டிக்கொண்டு, ஒரு பொம்பளை துப்புவது. வெட்கத்தில் முதல் வாரம் வாயில் வைத்துக்கொண்டே கழுவுகிற தொட்டிக்கு ஓடுவேன். இருந்தாலும் ஒரு சொட்டையும் விழுங்கவில்லை. அந்த வைராக்கியத்துக்குக் காரணம் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

வார்த்தைகள் வேறு பெரிய தொல்லை. புத்தகத்தில் இந்த ஒயினில் இன்ன பழத்தின் வாசனை வரும் என்று போட்டிருக்கும். அந்தப் பழத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத பழத்தின் வாசனையை எங்கே போய்த் தேடுவேன்? அந்தப் பெங்களூர்ப் பெண்தான், உங்கள் வீட்டில் என்ன வாசனை வருமோ அதைச் சொல்லுங்கள் என்றாள். அதற்குப் பிறகு பிடிபட ஆரம்பித்தது. ஒன்றில் நாவல்பழம், ஒன்றில் பழுத்த கொய்யா, ஒன்றில் மாங்காயைக் காம்போடு கிள்ளினால் வருகிற பால், ஒன்றில் புதுப்புளி. மரப்பீப்பாயில் நாள்பட இருந்த இனிப்பு ஒயின் ஒன்று உண்டு, பழுப்பாக இருக்கும். அதற்கு நான் கண்ணை மூடிக்கொண்டு வெல்லப்பாகு என்று சொன்னேன். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் மாற்றிக்கொள்ளவும் இல்லை. நீங்களும் சாப்பிடாத பழத்தின் பெயரை மனப்பாடம் செய்து வாடிக்கையாளரிடம் ஒப்பிக்காதீர்கள். அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

புத்தகத்தை நம்பி நான் மாட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று படித்துவிட்டு, சித்திரை மாதத்தில் ஒரு பாட்டிலை அலமாரியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டுபோய் ஊற்றினேன். வெள்ளைக்காரன் ஊர் அறை வேறு, தருமபுரி அறை வேறு. சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு டாக்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, சளிக்குக் கஷாயமா குடுக்கறீங்க?" என்றார். அன்றிலிருந்து நம் ஊரில் சிவப்பானாலும் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் இருந்துவிட்டுத்தான் மேஜைக்குப் போகும். மீன் வறுவலும் அப்படித்தான். புத்தகத்து மீனுக்கு மிளகாய்த்தூள் கிடையாது. ஒகேனக்கல் மீனுக்கு மேலே ஒரு சிவப்புச் சட்டையே இருக்கும். அதோடு வீரியமான ஒயினைக் கொடுத்தால் காரம் இரட்டிப்பாகி, சாப்பிடுகிறவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். லேசாக இனிக்கிற வெள்ளை ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். சாப்பிடுகிறவர் உங்கள் பேரைக் கேட்டு வைத்துக்கொள்வார்.

வாங்குவது எப்படி என்று பல வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். பாட்டில் மேல் ஒட்டியிருக்கிற அழகான படத்துக்காக வாங்காதீர்கள் என்று சொல்லுங்கள். கடையில் அது எங்கே நின்றது என்று பார்க்கச் சொல்லுங்கள். வெயில் படுகிற கண்ணாடிப் பக்கம் மாதக்கணக்கில் நின்ற பாட்டில், எந்தத் தோட்டத்துத் திராட்சையாக இருந்தாலும் வெந்துபோயிருக்கும். முதல்முறை வாங்குகிறவர் ஒன்று வாங்கக் கூடாது. இரண்டு வேறு வேறு சின்ன பாட்டில் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றி முகர்ந்து பார்க்க வேண்டும். தனியாக ஒன்றைக் குடித்தால் நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் நாக்குக்குக் கண் திறக்கும். எது பிடித்ததோ அது நல்ல ஒயின். மூன்றாவது ஆள் சொல்லத் தேவையில்லை.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை விட்டுவிட்டு இந்தத் தொழிலைப் பற்றி என்னால் எழுத முடியாது.

எங்கள் அப்பா பாலக்கோட்டுப் பக்கம் ஒரு வெல்ல ஆலையில் வேலை செய்தார். கரும்புச்சாற்றைக் கொப்பரையில் காய்ச்சுகிற வேலை. வேலை முடிந்ததும் சாராயம். வழியில் எங்காவது விழுந்து கிடப்பார். அவரைத் தேடிப்போய்த் தோளில் சாய்த்துக் கூட்டிவருவது என் அண்ணனுக்கு விதிக்கப்பட்ட வேலை. அப்போது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. ஒரு நாள் விடியக்காலையில் போனபோது வரப்போரம் அப்பா உயிரோடு இல்லை. நான் அம்மா மடியில் இருந்த குழந்தை. அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. போட்டோவும் கிடையாது. அதற்குப் பிறகு அண்ணன்தான் எனக்கு அப்பா. என்னைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார், என் வீட்டுக்காரர் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தபோது வண்டி கட்டிவந்து என்னையும் மகளையும் தாங்கினார். நான் ஒரு சொட்டும் விழுங்காததற்குக் காரணம் அப்பா. அண்ணனுக்கு என்மேல் கோபம் வந்ததற்கும் காரணம் அப்பாதான்.

ஊர்க்காரர் ஒருவர் நம் ஓட்டலுக்குச் சாப்பிட வந்தவர், நான் மேஜையருகே கிளாஸை வாயில் வைத்ததைப் பார்த்துவிட்டுப் போனார். துப்பியதையும் பார்த்திருப்பார், ஆனால் அதை யார் ஊரில் போய்ச் சொல்வார்கள்? மாரியம்மன் பண்டிகையில் நாலு பேர் நடுவில் அண்ணனிடம் விஷயம் போயிற்று. மறுநாளே பென்னாகரத்தில் இருந்த என் வீட்டுக்கு வந்தார். வாசற்படிக்கு வெளியே நின்றார். வாங்கண்ணா என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். எங்கள் பக்கம் வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு. அவர் சொம்பை வாங்கவில்லை.

"அப்பன் செத்ததுகூட உனக்கு ஒறைக்கலியா பாப்பா? நீ அந்த வேலைய வுடற வரைக்கும் உன் வூட்டுல நான் கை நனைக்க மாட்டன்."

கை நனைப்பதில்லை என்றால் அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை என்று பொருள். எங்கள் ஜனங்கள் மத்தியில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அடித்திருந்தால்கூட அழுதுவிட்டு மறந்திருப்பேன். நான் குடிப்பதில்லை, துப்பிவிடுகிறேன் என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு தெருமுனைவரை போனேன். ஒயின் ஊற்றுகிற வேலை பார்த்துக்கொண்டு வாயில் எடுப்பதைத் துப்புகிறேன் என்றால் யார்தான் நம்புவார்கள்? எனக்கே அது சொல்லும்போது பொய் மாதிரித்தான் கேட்டது.

வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டிருக்கலாம். ரிசப்ஷனுக்கே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கென்று ஒன்று தெரிந்திருந்தது. மூக்கை கிளாஸுக்குள் விட்டால் ஒரு தோட்டமே உள்ளே இருந்தது. அதை விடவும் மனம் வரவில்லை, அண்ணனை விடவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் என் ஆயுளில் பாதி ஓடியது.

அண்ணன் உறவை வெட்டிவிடவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. பொங்கலுக்கு அண்ணி கையில் சீர் கொடுத்தனுப்புவார். மாங்காய்க் காலத்தில் பஸ்ஸில் கூடை வரும். அவர் வர மாட்டார். என் மகள் கல்யாணத்துக்கு வந்தார், மண்டபம் பொதுவானது என்று நினைத்திருப்பார். தாய்மாமன் செய்ய வேண்டிய ஒன்றையும் குறை வைக்கவில்லை. மாலை போட்டார், சீர்த்தட்டு வைத்தார், மகளைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தார். பந்தியில் அவருக்கு முதல் இலை போட்டு, வேறு யாரையும் உட்கார விடாமல் நான் பக்கத்தில் நின்றேன். சாம்பார் வரிசை போய், ரசம் போய், மோரும் போயிற்று. அண்ணன் பஸ் ஏறிப் போய்விட்டார் என்று அண்ணி வந்து காதில் சொன்னாள். அந்த இலையை நானேதான் எடுத்தேன்.

அந்த வருஷங்களில் ஓட்டலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், தொழிலுக்கு உதவும். ஒரு பெரிய மனிதர் புதிதாகக் கல்யாணமான மருமகனோடு சாப்பிட வந்தார். விலை கூடிய பாட்டிலைத் திறக்கச் சொல்லி, ஒரு வாய் வைத்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது, எடுத்துப் போங்கள் என்றார். கெட்டுப்போன ஒயின் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி நாறும். நான் முகர்ந்தேன், பாட்டில் நன்றாக இருந்தது. பரிமாறுகிற பையன் ஒருவன் வாய் திறக்கப் போனான், நான் கண்ணால் அடக்கினேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு பாட்டில் வைத்தேன். அவருக்கு மருமகன் முன்னால் தெரிந்தவராக இருக்க வேண்டியிருந்தது. நம்மிடம் நியாயம் இருக்கலாம், அதை அவர் சோற்றுத் தட்டில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதில்லை. மேனேஜர் என்னைத் திட்டினார், பிறகு அந்தப் பாட்டிலை கிளாஸ் கிளாஸாக விற்றுவிட்டோம். ஒருவரை மேஜையில் உட்காரவைத்துத் தோற்கடித்தால், அவர் திரும்ப வர மாட்டார். அண்ணன் பின்னால் தெருமுனைவரை நியாயம் பேசிக்கொண்டு போனவளுக்கு இது வீட்டில் கிடைத்த பாடம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக் கூட்டம் கலைகிற நேரம், அண்ணன் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் பஸ் டிக்கெட்டை மடித்து வைத்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் கையில் இருந்த தட்டைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டேன். அவர் ஓரத்து மேஜையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தார். அவருடைய பேத்தி பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். ஓட்டல் படிப்பு படிக்கப் போகிறேன், ஆயா மாதிரி ஒயின் வேலை பார்க்கப் போகிறேன் என்று மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிறாளாம். ஆயா என்று, பாட்டி முறை வைத்து, அவள் சொன்னது என்னைத்தான்.

"நீ இங்க என்னதான் பண்றன்னு என் கண்ணால பாத்துட்டு, ஆவாதுன்னு அவகிட்ட சொல்லலாம்னு வந்தன்."

என் மனதில் எத்தனை வருஷத்துப் பேச்சு இருந்தது தெரியுமா? இலை போட்டுக் காத்திருந்ததிலிருந்து ஆரம்பித்து அழுது தீர்க்கலாம் போல இருந்தது. நான் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்யலாம், மேனேஜரைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்கிறார், ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்திருக்கிறார். அப்படி வருகிறவருக்கு என்ன செய்வேனோ அதைச் செய்வது என்று முடிவு செய்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் எடுத்த முடிவுதான் என் மொத்த வேலைக்காலத்தில் நான் எடுத்த நல்ல முடிவு.

இரண்டு கிளாஸும் துப்புகிற பாத்திரமும் கொண்டுவந்து வைத்தேன். புதிதாக வருகிறவர்களை முகம் சுளிக்க வைக்காத ஒயின் எதுவோ அதுதான் முதலில். பீப்பாயில் இருந்த அந்தப் பழுப்பு இனிப்பு ஒயினை இரண்டிலும் கொஞ்சமாக ஊற்றினேன். அவர் முகம் இறுகியது, நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நீங்கள் குடிக்க வேண்டாம் அண்ணா, உட்கார்ந்து பாருங்கள் என்றேன். ஒளியில் பிடித்து நிறம் பார்த்தேன், சுழற்றினேன், முகர்ந்தேன், வாயில் எடுத்துப் புரட்டினேன், பாத்திரத்தில் துப்பினேன். பிறகு தண்ணீரில் வாய் கொப்பளித்து அதையும் துப்பினேன். அவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"இத்தினி வருசமா இப்படித்தானா?"

"இப்படித்தாண்ணா."

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மன்னித்துவிடு என்று சொல்ல வராது, கேட்பதற்கு நானும் காத்திருக்கவில்லை. இன்னொரு கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி, மூக்குக்கு மட்டும் கொடுங்கள், வாய்க்கு வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேத்தி இதைத்தான் படிக்கப் போகிறாள், என்ன என்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லட்டும் என நினைத்திருக்கலாம். அவர் விஷத்தைத் தொடுவதுபோல் இரண்டு விரலால் கிளாஸின் காம்பைப் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார்.

சாராய நாற்றத்தை எதிர்பார்த்துத்தான் மூடியிருக்க வேண்டும். ஆனால் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு தடவை முகர்ந்தார். மூன்றாவது தடவை முகர்ந்தபோது முகம் கோணிற்று. அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"இது அப்பா வாசனை பாப்பா. குடிக்கறதுக்கு முன்னால, ஆலையிலிருந்து நேரா வூட்டுக்கு வர நாள்ல, மேலெல்லாம் இந்த வாசம்தான் அடிக்கும். காயற வெல்லம். உன்னயத் தூக்கி மார்மேல போட்டுக்குவாரு. நீ அவரு சட்டைய வாயில போட்டுச் சப்புவ."

பிள்ளைகளே, எனக்கு அப்பாவைப் பற்றி இருந்ததெல்லாம் வரப்போரம் கிடந்த ஒரு பிணம்தான். அண்ணன் அதை மட்டும்தான் சொல்லியிருந்தார், அவருக்கும் அது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. நல்ல நாட்களும் இருந்தன என்று அன்றுதான் இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தெரிந்தது. அந்த ஒயினுக்கு வெல்லப்பாகு என்று நான் ஏன் சொன்னேன் என்றும் தெரிந்தது. நான் அந்த கிளாஸை வாங்கி முகர்ந்தேன். எத்தனையோ தடவை முகர்ந்த ஒயின். அன்று அதில் ஒரு ஆள் இருந்தார். அவரை இறக்கிவைக்க எனக்கு மனமில்லை. இப்போதும் இல்லை.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சமையலறைப் பக்கம் பார்த்தார். அப்புறம் சாதாரணமாக, தினமும் கேட்கிறவர்போல, "கை கழுவற எடம் எங்க?" என்று கேட்டார்.

நான் காட்டினேன். சாப்பாடு கொண்டுவர வேறு யாரையும் விடவில்லை. சோறு, பருப்பு, ரசம், கடைசியில் மோர். ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பரிமாறுகிறவள் வாடிக்கையாளர் எதிரில் உட்காரக் கூடாது என்ற விதியை அன்று ஒரு நாள் மீறினேன். பஸ் ஏற்றிவிடப் போனபோது, நாளைக்கே வீட்டுக்கு வாங்கண்ணா என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது ஓட்டலு பாப்பா. உன் வூட்டு வாசல்ல சொன்ன சொல்ல அங்க வந்துதான் எடுக்கணும். வரன், ஒரு நாளைக்கு."

நான் ஓய்வு பெற்று, அவர் வைத்த நிபந்தனையும் தீர்ந்துவிட்டது, இன்னும் வரவில்லை. கோபம் இல்லை, எனக்குத் தெரியும். முதலில் மாங்காய்ப் பறிப்பு முடியட்டும் என்றார். பிறகு மழை, பிறகு முழங்கால். பஸ் படி ஏற முடியவில்லை என்கிறார். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அவர் வீட்டில் சாப்பிடுகிறேன். ஆனால் அவர் என் வீட்டுக்கு வருவது வேறு. அதற்காகத்தான் இத்தனை வருஷமாக ஏங்கிக்கொண்டிருக்கிறேன், ஏக்கத்துக்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

பேத்தியைப் படிக்க வைத்தார். அவள் இப்போது பயிற்சிக்கு நம் ஓட்டலில்தான் சேர்ந்திருக்கிறாள். உங்களில் ஒருத்தி. முதல் நாள் கிளாஸை அண்ணாந்து தூக்கி ஊற்றி, சீருடையை நனைத்துக்கொண்டாளாம், நீங்கள் எல்லாரும் சிரித்தீர்களாம். மேனேஜர் சொன்னார். போகட்டும், இனிமேல் சிரிக்காதீர்கள்.

கண்ணு, இதை நீ படிப்பாய் என்று தெரியும். வாய் வைத்துக் குடி, விழுங்காதே, மூக்குக்கு முதலில் கொடு. லீவில் ஊருக்குப் போகும்போது தாத்தாவை ஒரு கார் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா. ஆயா வீட்டு வாசலில் தண்ணீர்ச் சொம்பு அன்றைக்கு நீட்டிய அதே சொம்புதான் என்று சொல். தினமும் காலையில் கழுவி, நிரப்பித்தான் வைக்கிறேன்.